மூன்றரைத் தொன்னுக்குள் ஒரு மலைப் பயணம்

என் கணவருக்குச் சைக்கிள் ரேஸ் பைத்தியம் பிடித்தது ஓர் உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில். பாரிசுக்கு வந்த புதிதில் அங்கேதான் கோப்பை கழுவினார். ஜன்னல் கிடையாது. சுவரில் ஒரு சின்னத் தொலைக்காட்சி. கோடையில் பின்னேரம் முழுக்க அதில் மலை ஏறுகிற சைக்கிள்காரர்களைக் காட்டுவார்களாம். இவர் பிரெஞ்சு படித்தது அந்த வர்ணனையாளர்களிடம். கல்யாணம் முடிந்து நான் வந்திறங்கியபோது, ரொட்டிக் கடையில் ஒழுங்காக ஒரு வசனம் பேசத் தெரியாத மனிதருக்கு, ஏற்றத்தில் ஒருவன் மற்றவர்களை விட்டுவிட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடுவதைச் சொல்ல மூன்று சொற்கள் தெரிந்திருந்தன. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இப்போது இவர், பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிராரில் இருக்கிற ஓர் உணவகத்தில் பெரிய சமையல்காரர். வீடு புறநகரில், ஸ்தேனில். நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு கோடையிலும், "அடுத்த முறை மலைக்கே போய்ப் பாக்க வேணும்" என்பார். ஒவ்வொரு கோடையிலும் கல்யாணம், சாமத்தியவீடு, கோயில் தேர் என்று ஆயிரம் பேருக்கான சமையல் வந்து நிற்கும். முதலாளி விடமாட்டார். இவரும் கேட்கமாட்டார். இப்படியே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது.

போன இலையுதிர் காலத்தில் இவருடைய வலக்கண்ணில் புகை மாதிரி ஒன்று இறங்கியது. சீனி வருத்தத்தால் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே அந்தக் கண் பெரும்பாலும் போய்விட்டது. இடக்கண்ணுக்கும் அதே வியாதி. மாதம் ஒருமுறை கண்ணுக்குள் ஊசி போட்டுத் தடுத்துப் பார்ப்போம், உறுதி தர முடியாது, இனி வாகனம் ஓட்ட வேண்டாம் என்றார் டாக்குத்தர். திரும்பி வரும் ரயிலில் நான் வெட்கம் பார்க்காமல் அழுதேன். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, ஏதோ மரக்கறி வாங்கப் போகிற மாதிரிச் சொன்னார்:

"அப்ப மலைக்குப் போயிடுவம். இத்தாலியில மே மாதம் ஒரு ரேஸ் நடக்குது. மேயில எங்களுக்கு ஓடர் குறைவு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அழுகை நின்றுவிட்டது.

அன்றிலிருந்து திட்டம்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை வெறிச்சோடியதும், பின்மேசையில் ஒரு கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். கம்பிங் கார்தான் வேண்டும் என்றார். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் உள்ளே இருக்கிற, வீடு மாதிரியான வான் அது. மலையின் கடைசி ஏற்றத்தை முதல்நாள் மத்தியானமே வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். அதற்குமுன் மேலே ஏறியவர்கள் அங்கேயே தங்கி அடுத்தநாள் ரேஸ் பார்க்கலாம். பிந்தி வருகிறவர்கள் அடிவாரத்திலிருந்து பத்துக் கிலோமீற்றர் நடக்க வேண்டும். இவருடைய இன்சுலினுக்குக் குளிர்பெட்டி வேண்டும், மணிக்கு ஒரு தடவை கழிப்பறை வேண்டும், நடக்கிற கதையே கிடையாது. வெள்ளி காலை வெளிக்கிட்டு, இரவு இத்தாலிக்குள் போகிற சுரங்கப் பாதைக்கு இந்தப் பக்கம் தங்கி, சனி மத்தியானத்துக்கு முன் மலையில் நிற்க வேண்டும். ஞாயிறு ரேஸ்.

ஓட்டுவதற்கு என் தம்பி வருவதாக ஏற்பாடு. லா கூர்னெவில் ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்கிறான், லொறியே ஓடுவான். மார்ச் மாதம் ஒருநாள் அந்தப் பின்மேசைக்கு வந்து கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அத்தான், எனக்கு வக்கான்ஸ் லீவு தரமாட்டினமாம். அந்தக் கிழமை ஆள் காணாதாம்."

இவர் கொப்பியை மூடி, அதன்மேல் சீனிப் போத்தலைத் தூக்கி வைத்தார்.

"நான் ஓடுறன்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் நியாயம் இருந்தது. நாற்பது வயதில், ஐந்து தரம் தவறி ஆறாம் தரம் வாகனம் ஓட்டும் பெர்மி எடுத்தவள் நான். என்னுடைய சின்னக் கார் போகிற தூரம் வீடு, பள்ளிக்கூடம், மரக்கறிக் கடை. பெருஞ்சாலை என்றால் கை வேர்க்கும்.

"நீர் ஓடுவீரோ?" என்றார் இவர்.

"ஏன், எனக்கென்ன கையில்லையோ காலில்லையோ?"

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியின் கிடங்கு வளவு வெறுமையாக இருக்கும். காவலாளியிடம் சொல்லிவைத்துவிட்டு, கறிக்கடைக்காரரின் நீட்டு வெள்ளை வானை இரவல் வாங்கிப் பழகினேன். இவர் உணவகத்திலிருந்து வெறும் எண்ணெய்த் தகரங்களைக் கொண்டுவந்து நிலத்தில் வளைத்து வளைத்து அடுக்குவார். அவைதான் மலை முடக்குகள். முதல் ஞாயிறு பதினான்கு தகரம் நசிந்தது. தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் ஓரத்தில் நின்ற லொறிக்குப் பின்னால் போய் நின்றான். இவர் சிரிக்கவில்லை. நசிந்ததை எடுத்துத் தட்டி நிமிர்த்தி, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"அவசரப்படாதையும். பின்சில்லு வாற மட்டும் பொறுத்துத் திருப்பும்."

ஏப்ரல் கடைசியில் ஒரு தகரமும் விழவில்லை. இறங்கி வந்து வானின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனதுக்குள் ஒரு மகாராணி ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மகாராணிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அடுத்தநாள் லா ஷப்பலில் மிளகாய்த்தூள் வாங்கப் போனவள், பலசரக்குக் கடை அக்காவிடம், "மே மாதம் இத்தாலிக்குப் போறம் அக்கா, கம்பிங் காரிலை. நான்தான் ஓடுறன்" என்று அளந்துவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம்.

கண் விசயத்தை மட்டும் சொல்லவில்லை. யாருக்குமே சொல்லவில்லை. நோய் என்றால் மூடிவைப்பதுதான் எங்கள் பழக்கம். சொன்னால் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், பரிதாபமாகப் பார்ப்பார்கள், முதலாளிக்குத் தெரிந்தால் வேலைக்கு என்ன ஆகும் என்று யோசனை. ஆகவே லா ஷப்பல் முழுக்க, நாங்கள் உல்லாசப் பயணம் போகிறோம் என்றே நினைத்தது.

இரண்டு நாளில் முதல் பார்சல் வந்தது. எங்கள் ஆட்களில் யாராவது நாடு விட்டு நாடு போகிறார் என்றால் வெறுங்கையோடு போக விடமாட்டோம். மிலானில் இருக்கிற தன் தங்கைக்கு ஒருத்தி தந்த கறித்தூள். ஜெனோவாவில் குடிபுகுகிற இன்னொருத்தியின் மகனுக்கு இரண்டு குத்துவிளக்கு. பொலோனியாவுக்குக் கல்யாணச் சேலைகள், நல்லெண்ணெய், குரக்கன் மா. ஒருவர் கல் கிறைண்டரையே தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். நாங்கள் கிட்டவும் போகாத பலெர்மோவுக்கும் ஒரு பெட்டி. எல்லாவற்றையும் மிலானில் கொடுத்தால் போதும், அங்கிருந்து யாராவது கொண்டுபோவார்களாம்.

எப்படி மறுப்பது? என் தாலிக்கொடியே முன்பின் தெரியாத ஒருவரின் கைப்பையில்தான் பாரிசுக்கு வந்து சேர்ந்தது. வைத்துவிட்டுப் போங்கோ, வைத்துவிட்டுப் போங்கோ என்று சொல்லிச் சொல்லி, மே மாதம் எங்கள் நடையில் ஒருவர் பக்கவாட்டில்தான் போக முடிந்தது. கொப்பியில் இவர் எழுதியிருந்த நேரக் கணக்குக்குள் மிலானுக்கு எந்த மணித்தியாலமும் இல்லை. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

வியாழன் பின்னேரம் வாடகைக் கம்பிங் காரை எடுத்துவந்து எல்லாவற்றையும் ஏற்றினோம். தம்பி சுற்றிவந்து சில்லுகளைப் பார்த்தான். முகம் மாறியது.

"அக்கா, உங்கட பெர்மிக்கு மூண்டரைத் தொன் பாரத்துக்கு மேல உள்ள வண்டி ஓடேலாது, தெரியுமே? பொலிஸ் மறிச்சு நிறுத்தினா அங்கையே இறக்கி வைக்கச் சொல்லுவான். காலமை எங்கட கிடங்குக்குக் கொண்டாங்கோ, நிறுத்துப் பாப்பம்."

வெள்ளி காலை ஆறு மணிக்கு, லொறி நிறுக்கிற தட்டில் வண்டியை ஏற்றினேன். தம்பி நிறை காட்டுகிற கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். இருநூற்றுப் பத்துக் கிலோ கூட. மேலாளர் ஏழு மணிக்கு வந்துவிடுவார், அதற்குள் முடியுங்கோ என்றான்.

இவர் மறுபேச்சில்லாமல் இறக்கத் தொடங்கினார். எங்கள் சாமானை. மடிக்கிற கதிரை, அரிசி, சட்டி பானை, போர்வை. தண்ணீர்த் தாங்கியைத் திறந்து நூறு லீற்றரையும் வெளியே விட்டார். மறுபடி நிறுத்தபோதும் ஐம்பத்தைந்து கிலோ கூட. பார்சல் ஒன்றையும் அவர் தொடவில்லை. நிமிர்ந்து நின்று, சட்டையில் கையைத் துடைத்தார்.

"நான் எண்பது கிலோ. நான் நிக்கிறன். நீர் கொண்டுபோய் மிலானிலை குடுத்திட்டு வாரும். சனம் நம்பித் தந்த சாமான்."

பகிடிக்குச் சொல்லவில்லை. இந்த மனிதரை எனக்குத் தெரியும். இருபத்தாறு கோடை ஊராரின் கல்யாணத்துக்காக விட்டுக்கொடுத்தவர், இதையும் விட்டுக்கொடுப்பார். கொப்பியை மூடி வைக்கிற மாதிரி மூடி வைத்துவிடுவார்.

எனக்கு விசர் பிடித்தது. பின்கதவைத் திறந்து கிறைண்டரை இழுத்தேன். அது சீமெந்துத் தரையில் விழுந்த சத்தத்துக்குத் தம்பி துள்ளிப்போனான்.

"என்ன செய்யிறீர்?" என்றார் இவர்.

"கறித்தூள் அடுத்த கிழமையும் போகும். குத்துவிளக்கு அடுத்த மாதமும் போகும். உங்கட கண் அடுத்த மாதம் எப்பிடி இருக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்? சொல்லுங்கோ பாப்பம், ஆருக்குத் தெரியும்?"

எட்டு மாதமாக எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லாத வசனம் அது. தம்பி நிலத்தைப் பார்த்தான். இவர் வந்து, சேலைப் பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார். இருவருமாக இறக்கினோம். மூன்று பேரும் கடைசிப் பெட்டிவரை இறக்கி, எங்கள் அரிசியையும் கதிரையையும் திரும்ப ஏற்றினோம்.

ஆறே முக்காலுக்குப் பலசரக்குக் கடை அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். முழுவதையும் சொன்னேன், கண்ணையும் சேர்த்து.

"அக்கா, கோவமே?"

"கோவம்தான். சாமானுக்கில்லை. எட்டு மாதமா என்னட்டை வந்து மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு போனனீங்கள், ஒரு சொல்லுச் சொன்னனீங்களே? தெரிஞ்சிருந்தால் ஒரு உள்ளியும் கொண்டுபோகத் தந்திருக்கமாட்டம்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நான் இப்ப வானை அனுப்பி எல்லாத்தையும் எடுப்பிக்கிறன். சனத்துக்கு நான் சொல்லுறன். நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. பாத்து ஓடுங்கோ."

ஒளித்து வைத்து நாங்கள் எதைக் காப்பாற்றினோம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பலெர்மோ பெட்டிக்காரி மட்டும் இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போகட்டும்.

ஓட்டினேன். பெருஞ்சாலையில் லொறிகள் உரசிக்கொண்டு போகும்போது வாய்விட்டுப் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். சுரங்கப் பாதைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மலையில் முடக்கு முடக்காக இவர் பக்கத்திலிருந்து எண்ணினார், பதினெட்டு. சனி பதினொன்றேகாலுக்குப் புல்தரையில் வண்டியை நிறுத்தியபோது, பக்கத்து வண்டியில் இருந்த இத்தாலியக் கிழவனார் கைதட்டினார். நான் இறங்கிப் போய்ப் புல்லில் அப்படியே படுத்துவிட்டேன்.

ஞாயிறு பின்னேரம் சனம் பாதையின் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றது. ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டதும் நான் தொடங்கினேன். அந்தா முதலாவது ஆள் வாறான், சிவப்புச் சட்டை, இப்ப முடக்கிலை திரும்புறான் என்று. இவர் என் கையைப் பிடித்தார்.

"நீர் ஒண்டும் சொல்லாதையும். நான் பாக்கிறன்."

வாயை மூடினேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஏற்றம் செங்குத்தானது, அவர்களால் வேகமாகப் போக முடியவில்லை. ஒருவர் பின் ஒருவராக, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போனார்கள். இவர் தலையை ஒரு பக்கம் சரித்து, இடக்கண்ணை ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு நின்றார். முன்னுக்கு வந்தவர்களை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு கூட்டம் கலைந்து வண்டிகளுக்குத் திரும்பத் தொடங்கியது. இவர் நகரவில்லை.

முக்கால் மணித்தியாலம் கழித்துக் கடைசி ஆள் வந்தான். தனியே, முழங்காலில் இரத்தம், எங்கோ விழுந்திருக்க வேண்டும். முகம் முழுக்க ஈரம். வேர்வைதான் என்று நான் நினைத்தேன்.

"பெடியன் அழுதுகொண்டு போறான்" என்றார் இவர்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தேன். உண்மைதான். அழுதுகொண்டுதான் போனான்.