என் தம்பிய நானே காட்டிக்குடுத்துட்டேன்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்றத மருமவ எழுதறா. எங்களுது பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு குப்பம்.

போன்ல காசில்லாம வம்சத்தையே எழுதி வெக்க ஒரு எடம் இருக்குன்னு மருமவ காட்டுனா. தாத்தா பேரச் சொன்னேன். அவரு தோணி, அதுல ஒழுவுற எடத்துல நான் குந்திக்கினு தண்ணி எறச்சது எல்லாம் நாபகம் வந்துச்சு. அந்தக் குஷியில தம்பி பேரு வந்தப்போ, "அவன் நைனாவுக்குப் பொறந்தவன் இல்ல, ஆரம்பாக்கத்துலேர்ந்து கைக்கொழந்தையா தூக்கியாந்தது"ன்னும் சொல்லிட்டேன். அவளும் போட்டுட்டா. அத யாரு வேணா பாக்கலாம்னு ரெண்டு பேருக்கும் தெரியல.

ஏரியில மொறை வெச்சு வலை போடறத பாடுன்னு சொல்லுவோம். அது அப்பன் வழி புள்ளைங்களுக்குத்தான். பாடு பிரிக்க ஊரு கூடுனப்போ ஒருத்தன் போனத் தூக்கிக் காட்டுனான். "இன்னா பெரியவரே, நீங்களே சொல்லிக்கிறீங்க. அப்போ உங்க தம்பிக்கு இன்னாத்துக்குப் பாடு?"ன்னான். தம்பி எம் பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தான்.

ஊர்ப் பெரியவங்க, "வளத்தாலும் புள்ளதான்"னு பாடு குடுத்துட்டாங்க. வெளிய வந்ததும் தம்பி சொன்னான், "எனக்கு எப்பவோ தெரியும்ண்ணா. நைனா சொல்லிட்டுதான் போனாரு. என் புள்ளைங்களுக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

மருமவ எல்லாத்தையும் அழிச்சுட்டா. இப்போ திரும்ப மொதல்லேர்ந்து எழுதறோம். உசுரோட இருக்கறவங்களப் பத்தி ஒரு வார்த்த போடணும்னாலும், அவங்க வாசல்ல போய்க் கேட்டுட்டுதான் போடச் சொல்றேன். தம்பி வாசலுக்கு மட்டும் இன்னும் கால் போவல.