ஒரு சொட்டும் இறங்காத ஜீப்

ஊசியண்ணன் தைத்த சீட்டில் உட்கார்ந்து பழகினவனுக்கு அப்புறம் வீட்டு நாற்காலி பிடிக்காது. இதைச் சொன்னது வேறு யாருமில்லை, ஊசியண்ணனேதான். ஆனாலும் பொய் இல்லை. பெட்ரோல் பங்கைத் தாண்டி, சாலை வளைகிற இடத்தில், மெக்கானிக் கொட்டகையை ஒட்டினாற்போல ஒற்றை ஷட்டர் கடை. பின்னால் ஒரு அறையும் ஒரு சமையலறையும், அதுதான் வீடு. ஆளும் ஒல்லி, கையில் இருப்பதும் ஊசி, வாயைத் திறந்தால் குத்தல். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்து வாசலை இரண்டு வருஷம் மிதித்ததோடு சரி. தொழிலை யாரும் கையைப் பிடித்துச் சொல்லித்தரவில்லை. குப்பையில் கிடந்த பஸ் சீட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, எந்தத் தையல் எங்கே விட்டுப்போகிறது என்று தானே கண்டுபிடித்தார். பிளாட்பாரத்தில் பை தைத்தார், அப்புறம் லாரிக்குத் தார்ப்பாய் தைத்தார், அதற்கப்புறம் சொந்த ஷட்டர். "என் தலைக்கு மேல ஒரு கூரையை நானே தைச்சுக்கிட்டேன்யா" என்பார். கேட்க ஆள் இல்லாவிட்டால் தையல் மெஷினிடம் சொல்வார்.

இந்தப் பெருமைப் பேச்சையெல்லாம் சலிக்காமல் கேட்டது அவர் மனைவி ஒருத்திதான். "ஆமாங்க, உங்களை விட்டா ஆளு ஏது" என்பாள், கீரையை ஆய்ந்துகொண்டே. அதில் பாதி கிண்டல். அவருக்கு அந்தப் பாதி காதில் ஏறாது.

அவளுக்கு நெஞ்சு பலவீனம். அதைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நடுவழியில் நின்று, விளக்கும் அணைந்து, ஆளோடு ஆளாக அடைபட்டுக் கிடந்தாள். அன்றிலிருந்து மூடின இடம் என்றால் ஆகாது. காரில் ஏறினால் கண்ணாடியை இறக்குவதற்குள் முகம் வெளுத்துவிடும். நடக்கவும் தெம்பில்லை. மூன்று தெரு தள்ளி இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்வருவதுகூட நின்றுபோனது. பின்னறை ஜன்னலும் கடை வாசலுமே அவள் உலகம் என்று ஆகிவிட்டது.

அப்படி இருக்கையில்தான் அந்த ஜீப் வந்து சேர்ந்தது. ஒரு காண்ட்ராக்டர் தன் புது வண்டிக்கெல்லாம் சீட் வேலை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக ஒரு கிழட்டு ஜீப்பை விட்டுவிட்டுப் போனார். மேலே கூரை கிடையாது, பக்கத்தில் கதவு கிடையாது, முன்கண்ணாடி மட்டும் நிமிர்ந்து நின்றது. பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டு எப்படியோ உயிர் கொடுத்தான். ஊசியண்ணன் மனைவியைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தார். வண்டி நகர்ந்ததும் அவள் முன்கண்ணாடிச் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முகத்தை வெளியே நீட்டினாள்.

"என்னடி, பயமா இருக்கா?"

"பேசாம ஓட்டுங்க. காத்து நல்லா அடிக்கட்டும்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆற்றுப் பாலம் வரை ஒரு சவாரி. பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. மதியம் மூன்று மணிக்கே தலையை வாரிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். "அண்ணி ரெடி, டிரைவரைத்தான் காணோம்" என்று மெக்கானிக் குரல் கொடுப்பான்.

மழைக்காலத்தின் முதல் மழை அவர்களைப் பாலத்து நடுவில் பிடித்தது. வீடு வந்து சேர்வதற்குள் இருவரும் தொப்பலாகிவிட்டார்கள். அவள் ஈரத்தலையோடு சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே இறங்கினாள். ஊசியண்ணன் சிரிக்கவில்லை. சீட்டுக்குள் இருந்த பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டு ஊதிக் கிடந்தது. காலடித் தகட்டில் தண்ணீர் குளம் கட்டி நின்றது.

மெக்கானிக் எட்டிப் பார்த்தான். "அண்ணே, ரெண்டு மீன் வாங்கிட்டு வரவா? விட்டு வளர்க்கலாம்."

"வாயை மூடுடா."

"ஊரு வண்டியெல்லாம் நனையாமப் பார்த்துக்கிறீங்க. சொந்த வண்டி குட்டையா கிடக்குதே, அதான் கேட்டேன்."

அது போதும். மறுநாள் காலையில் ஊசியண்ணன் வந்த வேலையையெல்லாம் ஓரம் கட்டினார். சீட் இரண்டையும் பிரித்து, பஞ்சைத் தூக்கி எறிந்தார். புது ஃபோமை முதலில் பிளாஸ்டிக் தாளில் பொட்டலம் மாதிரி சுற்றி, அதன்மேல் ரெக்ஸின் போட்டார். தண்ணீர் இறங்குவது ஊசி குத்தின ஓட்டை வழியாகத்தான், அதனால் உட்காருகிற பரப்பில் ஒரு தையல்கூட வராமல் எல்லாவற்றையும் பக்கவாட்டில் தள்ளிவிட்டார். தகட்டைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, அதில் மண்ணடைத்துக் கிடந்த வடிகால் ஓட்டைகளுக்கு, கீழிருந்து தண்ணீர் ஏறாதபடி, ரப்பர் மூடி போட்டார். அப்புறம் மேலே மூடுகிற டாப்பு. கறுப்புக் கேன்வாஸ், மெழுகு தடவின நூல். தண்ணீர் தேங்கி நிற்காதபடி நடுவில் வளைகம்பி. பக்கத்துக்கு ஒன்றாகத் திரைகள், அடியிலிருந்து மேல்வரை ஜிப், ஜிப்புக்கு மேல் ஒரு மடிப்பு, மடிப்புக்கு மேல் பட்டன். வெளியிலிருந்துதான் பூட்ட முடியும், வெளியிலிருந்துதான் திறக்க முடியும். ஆள் ஏறினதும் வெளியே நிற்கிறவன் பூட்டிவிட்டால் போதும் என்பது அவர் கணக்கு. உள்ளே ஜிப் இழுக்கும் முனை வைத்தால் அந்த இடத்தில் ஈரம் கசியும் என்று வைக்கவில்லை. வெளிச்சத்துக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித்தாள்.

அவள் வாசல் நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். "இவ்ளோ மூடணுமாங்க?"

"மழைக்குப் பாதி மூடு, பாதி திறன்னு சொல்ல முடியுமா?"

"இல்ல, எனக்கு..."

"உனக்காகத்தாண்டி இது. மழை பெஞ்சாலும் பாலத்துக்குப் போலாம்ல?"

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு அவள் கீழே உருண்ட நூல்கண்டை எடுத்து நீட்டினாள்.

எந்த டாப்பு தைத்தாலும் ஊசியண்ணன் சோதனை பார்க்காமல் வெளியே விடமாட்டார். வண்டிக்குள் முழுக்கச் சாக்பீஸ் தூளைத் தூவிவிட்டு மேலே பைப்பைப் பிடிப்பார். ஒரு சொட்டு விழுந்தால் தூளில் புள்ளி விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்த முறை தூள் மட்டும் போதவில்லை அவருக்கு. சொந்த வண்டி, மெக்கானிக் வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"நீ உள்ள உட்காரு. ரெண்டே நிமிஷம். எங்க சொட்டு விழுதோ அந்த இடத்துல உள்ளேருந்து தட்டு. நான் அங்க தண்ணியைப் பிடிச்சுப் பார்த்துடறேன்."

"வேணாங்க."

"நான் வெளியத்தானே நிக்கிறேன்? எங்க ஓடிடப் போறேன்?"

ஏறி உட்கார்ந்தாள். மடியிலும் கையிலும் வெள்ளைத் தூள் அப்பிக்கொண்டது. ஜிப் ஏறியது, பட்டன்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. மெக்கானிக் குழாயைத் திறந்தான்.

கேன்வாஸில் தண்ணீர் விழுகிற சத்தம் தகரக் கொட்டகையில் மழை அடிப்பது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் இடது திரையில் தட்டு கேட்டது. ஊசியண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அங்கயா? அங்க எப்படி?" பைப்பை அந்த இடத்துக்குத் திருப்பினார். தட்டு மேலே போனது. பைப்பும் மேலே போனது. வலது பக்கம் தட்டினாள், சுற்றிக்கொண்டு ஓடினார். "என்னடி, சல்லடையா தைச்சிருக்கேன்? ஒரு இடத்துல நிலையாத் தட்டு!" இப்போது எல்லாப் பக்கமும் தட்டு விழுந்தது. அவள் தட்டின இடத்தையெல்லாம் அவர் விடாமல் துரத்தித் தண்ணீர் பாய்ச்சினார்.

மெக்கானிக்தான் குழாயை மூடினான். "அண்ணே, திறங்க. இது ஒழுகுற தட்டு இல்ல."

பட்டன்களைப் பிய்த்து, ஜிப்பை இறக்கியபோது அவள் வாயைத் திறந்தபடி அவர் மேலேயே சாய்ந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. கன்னத்தில் கண்ணீர் தூளோடு சேர்ந்து வெள்ளைக் கோடாக இறங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"எங்க ஒழுகுச்சு?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒழுகலைங்க. ஒரு சொட்டுகூட விழல."

அவர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "கேட்டியாடா?"

மெக்கானிக் பைப்பைச் சுருட்டிக்கொண்டு போனான்.

டாப்பின் பெயர் ஊரெல்லாம் பரவியது. தோட்டத்துக்காரர்கள், மலைப்பாதை டிரைவர்கள் என்று ஜீப் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஊசியண்ணன் திரையைத் தூக்கி உள்பக்கத்தைக் காட்டுவார். கறுப்புக் கேன்வாஸில் வெள்ளை வெள்ளையாக அவள் கைத்தடங்கள், ஐந்து விரலும் தெரிய, பக்கத் திரையிலிருந்து கூரை வரைக்கும். "பார்த்தீங்களா? சாக்பீஸ் தூள்தான். ஈரம் பட்டிருந்தா இது அழிஞ்சிருக்காதா? மழை அன்னையிலேருந்து பெய்யுது, ஒரு விரல் கலையல!" வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவர் கை ஓயவில்லை.

அவள் மட்டும் ஜீப்பில் ஏறவில்லை. மழையும் விடவில்லை. ஒரு நாள் தூறல்தான் இருந்தது. அவள் எழுந்து வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டாப்பைக் கழட்டுங்களேன். ஒரு தடவை பாலத்துக்குப் போயிட்டு வந்துடலாம்."

"தூறுதேடி."

"நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போறேன். உடம்பு காய்ஞ்சுடும்."

"ஈரக் கேன்வாஸைக் கழட்டி மடிச்சா பூசணம் பிடிச்சுடும். ஒரு நாள் வெயில் வரட்டும், காய்ஞ்சதும் கழட்டிடறேன்."

அதுவும் பொய் இல்லை. தொழில் தெரிந்தவன் எவனும் ஈரத்துணியைச் சுருட்டமாட்டான்.

"பழைய பஞ்சு சீட்டுன்னா ஒரு நாள்ல காய்ஞ்சிருக்கும்" என்றாள். அது அவருக்குப் புரியவில்லை. வாசல் நாற்காலிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

வெயில் வந்தது. காலையிலேயே சுள்ளென்று அடித்தது. மதியம் சாப்பிட்டதும் அவள் தலைவாரி, செருப்பு மாட்டி, வாசலில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணி ரெடி!" என்று மெக்கானிக் ரொம்ப நாள் கழித்துக் கத்தினான். அந்த நேரம் பார்த்து ஒரு தோட்டத்துக்காரர் தன் வண்டியோடு வந்தார், மலைக்கு ஏறியாக வேண்டும், அளவு மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். ஜீப்பின் டாப்பையும் பார்க்க வேண்டுமாம், மாதிரிக்கு.

"ஒரு பத்து நிமிஷம்" என்று அவளிடம் கை காட்டினார் ஊசியண்ணன்.

"சரிங்க" என்றாள்.

அளவெடுத்து, பேசி, கைத்தடங்களைக் காட்டி, வந்தவரை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வெயில் சாய்ந்திருந்தது. அவள் தலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து, "ஏய், வா வா, கழட்டிடறேன்" என்றபடியே பட்டனில் கை வைத்தார். இரண்டு பட்டன் கழற்றின பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. மெக்கானிக் எதையோ துடைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

மகள் வந்து அழுதாள். சொந்தபந்தம் வந்து போனது. காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஊசியண்ணன் கடையைத் திறக்கவில்லை. "எங்க வீட்டுக்கு வந்துடுங்கப்பா" என்றாள் மகள். "பார்க்கலாம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு சின்னப் பேச்சை அவள் கேட்டதே இல்லை.

ஒரு சாயங்காலம், மனைவி செருப்பு மாட்டுகிற நேரத்துக்கு, எழுந்து போய் ஜீப்பின் திரையைத் தூக்கி உள்ளே ஏறினார். அவள் சீட்டில் உட்கார்ந்தார். காய்ந்த சீட்டு, காய்ந்த தகடு. ஊர் முழுக்கக் காட்டின கைத்தடங்கள் கண்ணுக்கு நேராக இருந்தன. தாழ்ந்தவை முழு உள்ளங்கையாக இருந்தன. மேலே போகப் போக வெறும் விரல் நுனிகள். கூரைக்குப் பக்கத்தில் நான்கு கோடுகள், பிராண்டினது போல. ஜிப்பின் ஓரத்தில்தான் தடங்கள் அதிகம். அங்கே ஜிப் இழுக்கும் முனை இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். அவர் தன் கையை ஒரு தடத்துக்கு நேராகக் கொண்டுபோய், தொடாமல், அப்படியே வைத்திருந்தார்.

அப்புறம் வெளியே வந்து மழையிலேயே டாப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

மெக்கானிக் கொட்டகையிலிருந்து கத்தினான். "அண்ணே! என்ன பண்றீங்க, சீட்டெல்லாம் நனையுது!"

"நீ வந்து அந்த முனையைப் பிடி. உள்பக்கம் நனையக்கூடாது. ஒரு சொட்டு பட்டுச்சு, உன்னைத் தொலைச்சுடுவேன்."

இரண்டு பேருமாக அதைச் சுருட்டாமல், மடிக்காமல், உள்பக்கம் கீழே பார்க்கும்படி கூரை மாதிரி தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னறைக்குள் போனார்கள். குறுக்கே கொடி கட்டி அதன்மேல் கவிழ்த்துப் போட்டார்கள். ஈரம் வெளிப்பக்கமாக வழிந்து தரையில் சொட்டியது. உள்ளே அவள் கைத்தடம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஊசியண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டு, அடைத்திருந்த ஜன்னலைத் திறந்தார்.

"சாரல் உள்ள வருமே அண்ணே" என்றான் மெக்கானிக்.

"இது வரைக்கும் வராது. அதுக்குத் தக்கதான் கொடி கட்டியிருக்கேன்."

வெளியே போய், ஜீப்புக்கு அடியில் குனிந்து, ரப்பர் மூடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். வண்டியை எடுத்தார். மழை முகத்தில் அடித்தது. பக்கத்துச் சீட்டின் மேல் தண்ணீர் விழுந்து, உள்ளே போக வழியில்லாமல், உருண்டு உருண்டு கீழே ஓடியது. பாலத்து நடுவில் நிறுத்தி, அந்தச் சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். உள்ளே துளி ஈரம் இல்லை.