எட்டு மாதம் என்னோடு கதைக்காத சேர்

சிவபாதம் சேர் போய்விட்டார். நேற்று மத்தியானம், ஊரில், அரியாலையில், தன் சொந்த வீட்டில்.

காலையில் மூன்றாம் பீரியட் முடிந்து ஃபோனை எடுத்தால் வட்ஸ்அப்பில் மரண அறிவித்தல். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. "அப்பாடா, வீட்டில்தான்..." என்று ஒரு பெருமூச்சுத்தான் வந்தது. திட்டுகிறவர்கள் திட்டுங்கள்.

சேரைத் தெரியாதவர்களுக்கு... மாலைதீவில் தெற்குப் பக்கமாக ஒரு சின்னத் தீவில் பத்தொன்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். அதே பள்ளிக்கூடத்தில் நான் ஆறு வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இதையும் அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

நான் முதல்முதல் இங்கே வந்து இறங்கிய அன்று கொட்டுகிற மழை. போட்டில் வழி முழுக்கச் சத்தி எடுத்த முகமும் இரண்டு சூட்கேசுமாக நிற்கிறேன். குடையோடு வந்த சேர் அதை நீட்டவில்லை. விசாரணை தொடங்கினார்.

"பிள்ளை ஊரிலை எவடம்?"

"உடுவில்."

"உடுவிலிலை எவடம்? ஆற்றை மகள்?"

நனைந்துகொண்டே பதில் சொன்னேன். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணை ஒருவர் சேரின் மனைவிக்குச் சொந்தம் என்று தெரிந்த பிறகுதான் குடை என் தலைக்கு மேல் வந்தது. "அப்ப நீ எனக்குப் பெறாமகள் முறை. வா, தேத்தண்ணி குடிப்பம்."

தீவுக்காரருக்கு வெள்ளிக்கிழமைதான் விசேஷம். படிக்கிற பிள்ளைகளின் வீடுகளில் இருந்து சேருக்கு மீன்கறி வரும். சேரோ வெள்ளிக்கிழமையில் மீன், மச்சம் தொடாத மனிதர்.

அதைச் சொன்னால் அவர்களின் மனம் நோகும் என்று வாசலில் நின்று சிரித்து வாங்குவார். வாங்கி, பின்கதவால் என் அறைக்கு அனுப்பிவிடுவார். மீனுக்கு நான் நாள் பார்ப்பதில்லை.

"கறி எப்படி சேர்?" என்று தாய்மார் கேட்டால், "அந்த மாதிரி, நல்ல ருசி!" என்பார். அடுத்த வெள்ளி இன்னும் பெரிய கிண்ணம் வரும். இந்த ஆறு வருடத்தில் நான் போட்ட சதைக்கு முழுப் பொறுப்பும் அவர்தான்...

அவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. தகப்பன் செத்தபோது கடல் கொந்தளிப்பு, மூன்று நாள் போட் ஓடவில்லை. மூத்த மகன் இவர் இங்கே இருக்க, அங்கே தம்பிதான் கொள்ளி வைத்தார்.

"இஞ்சை செத்தால் என்னை எரிக்கவும் இடமில்லைப் பிள்ளை. பெட்டியிலை அடைச்சு போட் மாறி, பிளேன் மாறி... அந்தச் சீரழிவு எனக்கு வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

போன வருடம் மாடிப்படியில் பாதியில் நிற்கத் தொடங்கினார். நின்று நோட்டீஸ் போர்டு வாசிப்பார். ஒரே நோட்டீஸை ஒரு கிழமையாக வாசிக்கிறாரே என்று கிட்டப் போனேன். நெற்றியெல்லாம் வியர்வை. நாக்குக்குக் கீழே நெஞ்சு நோவுக்கு வைக்கிற குளிசை.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. இந்த பட்ச் பிள்ளையளின்ரை சோதினை முடியட்டும், நான் போயிடுவன்."

தீவில் நெஞ்சுக்குப் பார்க்க டொக்டர் இல்லை. இரண்டு கிழமை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்... பிறகு நேரே போய் அதிபரிடம் சொல்லிவிட்டேன்.

மெடிக்கல் எடுத்தார்கள். பிறகு ஒப்பந்தத்தை நிறுத்தி, பிள்ளைகளின் சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வழியனுப்ப இறங்குதுறைக்குப் போனேன். முழுப் பள்ளிக்கூடமும் நின்றது. என் முறை வந்தபோது முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உன்னைப் பெறாமகள் எண்டு நினைச்சது என்ரை பிழை."

அதோடு எட்டு மாதம்... நான் போட்ட மெசேஜ் எல்லாவற்றுக்கும் ப்ளூ டிக் விழும், பதில் வராது. எனக்கும் ரோசம். பிறகு நானும் விட்டுவிட்டேன். ஆனால் கோபத்தோடேயே போய்விடுவாரோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இன்று செய்தி பார்த்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். "ஐயோ, அந்த மாஸ்டரோ!" என்றவ, பிறகு, "உனக்கு ஒண்டு சொல்லேல்லைப் பிள்ளை. அவர் இஞ்சை வந்தவர்" என்றா.

"எப்ப?"

"ஊருக்கு வந்த மாசமே. உன்ரை நட்சத்திரம் கேட்டவர். உனக்குச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவர். எனக்கு உடனை விளங்கீட்டுது."

"என்ன விளங்கினது?"

"மாப்பிளை பாக்கிறார் எண்டு. உனக்குச் சொன்னால் நீ குழப்பிப்போடுவாய் எண்டுதானே சொல்ல வேண்டாமெண்டவர்? வடையும் சுட்டுக் குடுத்தனான். இண்டைவரைக்கும் அந்த மாப்பிளைப் பகுதியிட்டை இருந்து ஒரு பதிலும் இல்லை."

நாற்பத்தொரு வயதில் எனக்கு மாப்பிள்ளையா... ஒன்றும் புரியாமல் சேரின் மகள் சுகந்திக்கு எடுத்தேன். அழுதுகொண்டுதான் கதைத்தா.

"அது அருச்சனைக்கு அக்கா. வெள்ளிக்கு வெள்ளி எங்கடை பிள்ளையாருக்குச் செய்விக்கிறவர். என்ரை பேருக்கு, என்ரை மகன்ரை பேருக்கு, பிறகு உங்கடை பேருக்கு. நட்சத்திரம் தெரியாமல் ஐயர் வெறும் பேரைச் சொன்னது அப்பாவுக்குப் பிடிக்கேல்லை. அதுதான் வெய்யிலுக்கை ரெண்டு பஸ் மாறி உடுவிலுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தவர்."

"ஒரு வார்த்தை கதைச்சிருக்கலாமே சுகந்தி..."

"நானும் கேட்டனான். 'அவளாலைதான் நான் வீட்டிலை இருக்கிறன். அந்தச் சொல்லைச் சொல்லிப்போட்டு எந்த மூஞ்சியோடை கதைக்கிறது' எண்டவர்."

நேற்று மத்தியானம் பேரனுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாராம். கை கழுவிவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தாராம். அவ்வளவுதானாம்.

நாளைக்குக் காலை கிரியை. நான் போட் பிடித்து, பிளேன் பிடித்து வந்து சேர எப்படியும் இரண்டு நாள் ஆகும். லைவில்தான் பார்ப்பேன்.

நீங்கள் முதலில் கதைத்திருக்கலாம் சேர். நானும் இன்னும் ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்.

எனக்கும் உங்களில் கோவம் இல்லை... நிம்மதியாகப் போங்கோ சேர்.