எல்லாருக்கும் கொள்ளாமோ

மனிதர்கள் காசு கொடுத்து, வரிசையில் நின்று, நனைந்துவிட்டு வருகிற இடத்துக்கு தீம் பார்க் என்று பெயர். நனைந்தவர்கள் உலர்வதற்காக அதன் பக்கத்தில் கட்டிய கட்டடத்துக்கு ரிசார்ட் என்று பெயர். கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் உட்கார்ந்துகொண்டு, கொச்சிப் பக்கத்தில் அப்படியொரு ரிசார்ட்டைப் பதினாறு பேருக்கு மலிவாகத் தேடும் வேலை இந்த வயதில் எனக்கு வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்தது என்று எழுதுவது பொய். நானே எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன், தமிழ், மலையாளம் இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் எழுதுபவன், வீட்டில் மற்றவர்கள் எல்லாம் மண்டூகங்கள் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

பெரிய விடுமுறைக்கு மகளும் மருமகனும் பிள்ளைகளோடு துபாயிலிருந்து வந்திருந்தார்கள். மூத்த மகன் குடும்பம் பெங்களூரிலிருந்து வந்தது. இளையவன் நெய்யாற்றின்கரையில் இருக்கிறான். அவன் மனைவி பொழியூர்க்காரி. தனுவச்சபுரத்தில் சேர்ந்து படித்தபோது ஏற்பட்ட பழக்கம் கல்யாணத்தில் முடிந்தது. அவளுடைய அப்பா கடலில் வள்ளம் இறக்குகிறவர். முந்தைய மழைக்காலத்தில் கடல் ஏறி அவர்கள் வீட்டை எடுத்துவிட்டது. அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாமா, எங்க அம்மையும் அப்பாவும் கூட வரணும். வீடு போனதுக்குப் பெறகு அவங்க ஒரு இடத்துக்கும் போகல்ல."

"வரட்டுமே," என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாக அன்று நினைத்துக்கொண்டேன்.

தேட ஆரம்பித்தேன். படத்தில் ஏரி போலத் தெரியும் நீச்சல்குளம், விருந்தினர் எழுதிய குறிப்பைப் படித்தால் எருமை படுக்கும் குட்டையாகிவிடும். எல்லா இடத்திலும் 'குடும்ப அறை' உண்டு. குடும்பம் என்றால் பெரியவர் இரண்டு, பிள்ளைகள் இரண்டு. மூன்றாவது பிள்ளை பெற்றவன் குற்றவாளி. அம்மா அப்பாவைக் கூட்டி வருகிறவன் பைத்தியக்காரன். பதினாறு பேர் என்று போனில் சொன்னதும் ஒருத்தி சிரித்தே விட்டாள். இன்னொருவன், "சாரே, இது கல்யாண மண்டபம் அல்ல," என்றான். அதற்குமேல் எண்ணிக்கையைச் சொல்லவே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

கடைசியில் ஒரு வில்லா கிடைத்தது. தனி வீடு, வாடகை கைக்கு அடக்கம். போனில் மானேஜர். பதினாறை விழுங்கிவிட்டு, "வலிய குடும்பமாணு. எல்லாவர்க்கும் கொள்ளாமோ?" என்று கேட்டேன்.

"கொள்ளாம் சாரே, நல்லோணம் கொள்ளாம்!"

பணத்தை அனுப்பிவிட்டேன். மனைவி மட்டும், "கேட்டியளா, எத்தன கட்டில் உண்டுன்னு கேட்டியளா?" என்றாள். கேட்டதற்கு நான் அவளைப் பார்த்த பார்வையில் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எங்கள் எல்லைப் பக்கத்துக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஒரு பாத்திரத்தில், ஒரு வீட்டில் இடம் போதுமானால் நாங்கள் 'கொள்ளும்' என்போம். மலையாளத்தில் 'கொள்ளாம்' என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள். அதையும் நாங்கள் தினமும் பேசுகிறோம். இரண்டும் வாயில் கிடந்து கிடந்து ஒன்றாகிவிட்டன. எல்லாருக்கும் இடம் போதுமா என்று நான் கேட்டேன். எல்லாருக்கும் பிடிக்குமா என்று அவன் புரிந்துகொண்டான். எந்த வியாபாரி இல்லை என்பான்?

வேனில் போய் இறங்கியபோது மத்தியானம். மானேஜர் எங்களை எண்ணத் தொடங்கி, முடிவில் முகம் மாறினான். கட்டில் பதினாலு பேருக்குத்தான். அதற்குமேல் ஒருவரைக்கூட உள்ளே விட விதியில்லை. நான் கத்தினேன்.

"சார் சோதிச்சது வீடு கொள்ளாமோ என்னல்லே?" என்றான் அவன், கையைக் கதவுப் பக்கம் நீட்டி. "நோக்கிக்கே. கொள்ளாமல்லோ!" வீடு நன்றாக இருக்குமா என்றுதானே கேட்டீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள், நன்றாகத்தானே இருக்கிறது என்கிறான்.

என் பிள்ளைகள் சிரித்தார்கள். வேன் டிரைவரும் சிரித்தான். பொழியூர் சம்பந்தி மட்டும் சிரிக்காமல் என் பக்கத்தில் வந்தார்.

"சாரே, ஒண்ணும் விசாரப்படாதீங்க. இங்கன ஒரு தியான வீடு உண்டு. எங்க சர்ச்சுப் பள்ளியிலேருந்து வந்தா அங்கயாக்கும் தங்குறது. பெரிய ஹாலு. பாயும் தருவாங்க. எல்லாருமாப் போவோம். நான் ஒரு வாக்கு சொன்னா போதும்."

அது எவ்வளவு நல்ல யோசனை என்று இன்று தெரிகிறது. மலிவும்கூட. ஆனால் மலிவாக ஒரு இடத்தை இவர் ஒரே வாக்கில் பிடித்துவிடுவதா என்பதுதான் அன்று என் நெஞ்சில் குத்தியது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க ரெண்டுபேரும் அங்க போங்க. தரையில கிடந்து பழகினவங்கதானே. குடும்பம் இங்க நிக்கட்டும்."

சம்பந்தி, "சரி சாரே," என்றார். அவர் மனைவி கீழே வைத்த பையை எடுத்துக்கொண்டார். என் இளைய மருமகள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் இரண்டு பிள்ளைகளின் கையைப் பிடித்து வேனில் ஏற்றினாள். அவர்கள் ஏறியதும் பெங்களூர்ப் பேரப்பிள்ளைகள், "நாங்களும்! நாங்களும்!" என்று பாய்ந்து ஏறினார்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் மகன்களும் மூத்த மருமகளும். கடைசியாக என் மனைவி. ஏறும்போது, "எல்லாக் கட்டிலிலேயும் மாறி மாறிக் கிடங்க," என்றாள்.

என்னோடு தங்கியவர்கள் மகள் வீட்டார். அது பாசத்தால் அல்ல. மருமகனுக்கு ஏசி இல்லாமல் உறக்கம் வராது.

மறுநாள் பார்க். பிளாஸ்டிக் யானை, பிளாஸ்டிக் அருவி, பிளாஸ்டிக் டம்ளரில் தேநீர். அங்கே செயற்கையாக அலை அடிக்கும் ஒரு குளம் உண்டு. கடல் வாசலுக்கே வந்துவிட்ட ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, சிமெண்டுக் குளத்தில் அலை காட்டுகிறார்கள். சம்பந்திக்கு முழங்கால்வரை ஒரு நைலான் நிக்கர் வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். வயதான ஆள் என்று காவல்காரப் பையன் விசில் ஊதி அவரைக் கரைப்பக்கம் நிற்கச் சொன்னான்.

"எலே, எங்க அப்பா வள்ளக்காரராக்கும்!" என்று மருமகள் கத்தினாள்.

"போட்டும் மக்கா," என்று அவர் கரைக்கு வந்து நின்றார்.

அலை வருவதற்கு முன்னால் அங்கே சங்கு ஊதுவார்கள். ஊதியதும் எல்லோரும் கூவுவார்கள். இரண்டு மூன்று முறை அதைக் கேட்டுவிட்டு அவர் மனைவியிடம் சொன்னார்:

"பாத்தியா, சங்கூதிட்டாக்கும் வருது. நம்ம கடலும் இதுபோல ஊதிட்டு வந்திருந்தா, சட்டி பானையையாவது எடுத்திருக்கலாமே."

அந்த அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். பேரப்பிள்ளைகளும் சிரித்தார்கள். காலை நனைக்காமல் திண்டில் உட்கார்ந்திருந்த என்னால் எழுந்து அவர்கள் பக்கம் போக முடியவில்லை. முந்தின நாள் பேச்சு எவ்வளவு இழிவானது என்று அங்கேதான் உறைத்தது.

ஊர் திரும்பிய பிறகு மருமகள் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. மகன் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிவந்து, ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் திரும்பிவிடுவான். கேட்டால், "அவளுக்கு ஆபீஸ்ல வேலை," என்பான். மனைவி என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொன்னாலும் பரவாயில்லை என்று இருந்தது.

சில மாதம் கழித்து ஒருநாள் பஸ் ஏறிப் பொழியூருக்குப் போனேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சம்பந்தி கடலுக்குப் போயிருந்தார். அந்த அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தேயிலை போட உள்ளே திரும்பினார். அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட அதுதான் சமயமெனப் பட்டது.

"நான் அண்ணைக்குப் பேசினது தப்பு. மன்னிக்கணும்."

அவர் நின்றார். "எந்தப் பேச்சு சாரே?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

"அந்த ரிசார்ட் வாசல்ல... தரையில கிடந்து பழகினவங்கன்னு."

"அதா?" என்றார். "அது உள்ளதுதானே. நீங்க கல்யாணத்தண்ணைக்குப் பேசினதாக்கும்னு நான் நினைச்சேன்."

கல்யாணத்தன்று நான் என்ன பேசினேன்? எவ்வளவு யோசித்தும் நினைவில் இல்லை. பந்தலில் நின்றதும் வந்தவர்களுக்குக் கை கொடுத்ததும் ஞாபகம் இருக்கிறது. இந்த அம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடம் அதை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு பரிமாறியிருக்கிறார்.

"அண்ணைக்கு என்ன சொன்னேன்?" என்று கேட்டேன்.

"போட்டும் சாரே," என்று சொல்லிவிட்டுத் தேயிலை போட உள்ளே போனார்.