மதகடியில் அவிழ்த்துவிட்ட கிடாரி

உத்திரமேரூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். சாயங்காலம் ஆனால் பஞ்சாயத்து ரேடியோ முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். அஞ்சாம் கிளாஸ் வரை படித்தவன் என்பதால் எங்கள் தெருவுக்கு நான்தான் அறிவாளி. அந்தப் பட்டத்தை எனக்குக் கொடுத்ததும் நான்தான்.

ஒருநாள் ரேடியோவில் மிருகங்களின் ஞாபகசக்தி பற்றி ஒருவர் பேசினார். விஞ்ஞானிகள் ஒரு பெட்டிக்குள் எலியை விடுவார்களாம். கொஞ்ச தூரம் போனதும் வழி இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் தீனி, மறுபக்கம் ஒன்றுமில்லை. முதலில் தடுமாறும் எலி, போகப்போக யோசிக்காமல் தீனிப் பக்கமே திரும்புமாம். பல நாள் கழித்து விட்டாலும் மறக்காதாம். மீதியை அடுத்த வாரம் சொல்வதாக முடித்தார். எனக்கு மீதி எதற்கு? எல்லாம் புரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கிடாரித் தகராறு வந்தது. நான் ஏர் ஓட்டிய நிலக்காரர் எங்களிடம் ஒரு பசுவைப் பங்கு பேசி வாரத்துக்கு விட்டிருந்தார். மேய்த்து வளர்ப்பது நாங்கள். முதல் ஈற்று அவருக்கு, இரண்டாவது எங்களுக்கு. வெறும் வாய்ப்பேச்சு. முதல் கன்றை ஓட்டிக்கொண்டு போனார். அது அவர் கொட்டகையில் கழிச்சல் கண்டு செத்தது. இரண்டாவது ஈற்றில் பிறந்த பெண்கன்றுதான் இந்தக் கிடாரி. பசு கிழடானதும் அதைச் சந்தையில் தள்ளிவிட்டார். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அடுத்தவர் மாட்டையே மேய்த்த குடும்பத்துக்கு, எங்களுடையது என்று சொல்ல வந்த முதல் நாலுகால் ஜீவன் கிடாரி. அது சினைக்கு வரும் சமயத்தில் நிலக்காரர் பேச்சை மாற்றினார்.

"செத்தது ஒரு கன்னாடா? இதான் எனக்கு மொத ஈத்து."

ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்குள்ளே ரேடியோ இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"ஆண்டே, ஏரி மதகாண்ட வழி ரெண்டாப் பிரியுது. சோத்தாங்கைப் பக்கம் உங்க தெரு, பீச்சாங்கைப் பக்கம் எங்க தெரு. கிடாரிய அங்க அவுத்து வுடலாம். யாரு வூட்டுக்குப் போவுதோ அவங்களுக்கு. மாடு மறக்காது. ரேடியோலயே சொல்லிக்கீறாங்க."

பெரியவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நிலக்காரருக்கு எதிராக வாயைத் திறக்கும் கஷ்டம் அவர்களுக்கு மிச்சம்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"யோவ், உன்ன யாருய்யா இத்தச் சொல்லச் சொன்னது?"

"இன்னாமே பயப்புடுற? புல்லு அறுத்துப் போட்டு வளத்தது யாரு?"

"புல்லு நாமதான். தெனம் காலீல அவங்க கொட்டாயில நான் சாணி வாரச்சொல்ல அதுவும் பின்னாடியே வருதே, அங்க தொட்டில இன்னா குடிக்குது தெரியுமா? கழனித்தண்ணி, மல்லாட்டப் புண்ணாக்கு. நம்ம வூட்டுல புண்ணாக்கக் கண்ணால பாத்துக்கிறியா நீ?"

"ஒரு வாய் தண்ணிக்கு வளத்தவன மறந்துடுமா?" என்றேன். விஞ்ஞானி அல்லவா.

மறுநாள் காலை மதகடியில் கயிற்றை அவிழ்த்தார்கள். நான் எங்கள் தெருப் பக்கம் நின்று நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டேன். கிடாரி என்னைப் பார்த்தது. அடையாளம் தெரியாமல் இல்லை, காதைக்கூட ஆட்டியது. பிறகு திரும்பி, வரப்புப் புல்லில் ஒரு கடி கடிக்காமல், நேராக நிலக்காரர் கொட்டகைக்குப் போய்த் தொட்டியில் வாயை வைத்தது.

"ரேடியோக்காரா, நீ சொன்னது சரிதான்யா! மாடு மறக்கல!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழி தெரியாமல் நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் ரேடியோவில் மீதி வந்தது. ஒரு தடவை விட்டுப் பார்த்து விஞ்ஞானிகள் முடிவு கட்டமாட்டார்களாம். தீனியைப் பக்கம் மாற்றி வைப்பார்கள், எடுத்தும் விடுவார்கள், வாசனை தங்காமல் பெட்டியைக் கழுவுவார்கள். எலி எதற்காகத் திரும்புகிறது என்று தெரிந்த பிறகுதான் பேசுவார்களாம். எலியாகப் பிறந்திருந்தால் எனக்கும் இன்னொரு தடவை கிடைத்திருக்கும்.

நிலக்காரரும் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாகப் பக்கத்தில் போனேன்.

"ஆண்டே, தொட்டியக் கவுத்துட்டு இன்னொரு தபா அவுத்து வுட்டுப் பாக்கலாங்களா?"

"நீ கேட்டதுதானடா நடந்துது? இன்னும் இன்னா பேஜாரு?" என்றவர் எழுந்து ரேடியோவை நிறுத்திவிட்டு, பஞ்சாயத்து அறையைப் பூட்டினார். அந்தச் சாவியும் அவரிடம்தான்.

வீட்டுக்கு வந்து கிடாரியைத் திட்டித் தீர்த்தேன்.

"அத்த இன்னாத்துக்குத் திட்டுற?" என்றாள் மனைவி. "வவுறு ரொம்புற எடம் அதுக்குத் தெரிஞ்சிக்கீது. உனக்குத்தான் தெரியல."

மறுநாள் காலை வழக்கம்போல அவள் சாணி வாரப் போனாள். அவளைக் கண்டதும் கிடாரி கத்தியதாம். அதற்குத் தொட்டியில் கழனித்தண்ணீர் ஊற்றியதும் அவள்தான். நான் ஏர் ஓட்டப் புறப்பட்டேன். மதகடியில் கொஞ்சம் நின்றேன். ஏரிக்கரையோடு அப்படியே எங்கேயாவது போய்விடலாம் என்றிருந்தது. கால் தானாக நிலக்காரர் தெருப் பக்கம் திரும்பிற்று.

கிடாரிக்காவது அங்கே ஒரு தொட்டி இருந்தது.