கயிற்றுக்குள் ஒரு நாள் சோறு

இன்று நான் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? பவானியை! குறிஞ்சிப்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் வரும் ஊர். அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு ஆக்கிப் போடுகிறவர். வீட்டுக்கு ஒரு ஏக்கர் நிலம் உண்டு. இன்று காலை அந்த நிலத்தில் ஒரு கயிற்றுச் சதுரத்தைக் கட்டிவிட்டு, அதற்குள் எத்தனை கிலோ நெல் இருக்கிறது என்று பார்க்க அவர் நின்ற நிற்பு இருக்கிறதே, அது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆறிப்போகும் முன்னால் எழுதிவிடுகிறேன்.

எல்லாம் போன வருஷம் தை மாதம் ஆரம்பித்தது. விளைச்சலை அளந்து பார்க்கும் வேலையாக அரசு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அவர் வயலுக்கு வந்தார். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று ஒரு சதுரம் கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்ப்பார்கள். சதுரம் எங்கே விழ வேண்டும் என்பதைக் குலுக்கல் போல வரும் எண்தான் சொல்லும். மூலையிலிருந்து நீளத்தில் இத்தனை தப்படி, அகலத்தில் இத்தனை தப்படி.

பவானிக்கு மனசு கேட்கவில்லை. “மேடம், அந்தாண்ட கதிரு நல்லா சாஞ்சி நிக்குது. அங்க போடுங்களேன்” என்றார்.

“நல்லா இருக்கற எடத்துல மட்டும் அளந்தா, அது போட்டோவுக்குப் பவுடர் பூசிக்கிட்டு நிக்கற மாதிரிம்மா. நெசமா எவ்ளோ வெளையுதுன்னு எப்பிடித் தெரியும்?” என்று சிரித்தார் அந்தப் பெண்.

எண் சொன்ன இடத்திலேயே சதுரம் விழுந்தது. ஒன்பது கிலோ நெல். காய்ந்து, அரைத்து, உமி தவிடு போனால் அரிசி ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும் என்றார் அந்தப் பெண். பவானி சட்டென்று நிமிர்ந்தார். ஒரு பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஐந்து கிலோ எண்ணூறு. தினமும் காலையில் அவர் கை அளந்து போடும் அளவு அது!

“அப்பன்னா, எங்க ஸ்கூலுக்கு ஒரு நாள் சோறு இந்தக் கயித்துக்குள்ள இருக்குது” என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு அது தலைக்குள் குடியேறிவிட்டது. ஒரு ஏக்கரில் இப்படி எத்தனை சதுரம்? ஏறக்குறைய நூற்றி அறுபது. பள்ளி நடப்பதோ இருநூற்றிப் பத்து நாள். அவர் வயலில் விளைவது முழுவதும் இந்த ஒரு பள்ளிக்கே போனாலும் ஐம்பது நாள் பிள்ளைகள் வெறும் தட்டோடு உட்கார வேண்டும். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். எல்லா நாளும் தட்டு நிறைய வேண்டுமென்றால் சதுரத்துக்குப் பன்னிரண்டு கிலோ வர வேண்டும்.

இந்தப் பன்னிரண்டைப் பற்றி வீட்டுக்காரர் மணவாளனிடம் சொன்னபோது அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கடலூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நிலத்தைப் பார்க்க நேரமில்லை. அக்கம்பக்கத்தில் பலரைப் போல அவரும் சவுக்கு போட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

“சவுக்க நட்டுட்டா நாலு வருசம் திரும்பிப் பாக்க வேணாம். ஆளு தேட வேணாம், மழையப் பாத்துப் பயப்பட வேணாம். ஸ்கூலுக்கு அரிசி கவர்மெண்டு குடோன்லேந்து வருது. நீ என்னாத்துக்கு மண்டைய ஒடைச்சிக்கிற?”

“குடோனுக்கு எங்கேந்துங்க வருது? நம்மளாட்டம் யாரோ ஒருத்தரு வயல்லேந்துதான? எல்லாரும் சவுக்கு நட்டுட்டு அடுத்தவன் நெல்லு போடுவான்னு உக்காந்திருந்தா, பிள்ளைங்க தட்டுல சவுக்கு மொளாரையா போடறது?”

மணவாளன் சிரித்துவிட்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. “சரி, ஒரே ஒரு போகம். சதுரத்துக்குப் பன்னெண்டு வந்துதுன்னா நெல்லு. வரலன்னா நான் சவுக்கங்கன்னுக்கு சொல்லிடுவேன். அப்பறம் பேசக் கூடாது.”

பவானி என்ன செய்தார் என்பதைக் கேளுங்கள். அங்கே நடவு என்றால் ஒரு குத்துக்கு ஆறேழு நாற்றுகளைக் கொத்தாகச் செருகுவார்கள். நெருக்கமாக நட்டால்தான் கைராசியான நடவு என்று பெயர். பவானிக்கு அதைப் பார்த்ததும் பள்ளிதான் ஞாபகம் வந்தது. ஒரே தட்டில் ஏழு பிள்ளைகளை உட்கார வைத்தால் யாருக்கு வயிறு நிறையும்? குத்துக்கு ஒற்றை நாற்று, அதுவும் பதினான்கு நாள் இளநாற்று, குத்துக்குக் குத்து ஒரு சாணுக்கு மேல் இடைவெளி என்று நடுகிற முறையை அந்த அலுவலகப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். புரட்டாசிக் கடைசியில் நடவு.

நடவு ஆட்களைக் கூட்டி வந்தவர் செல்லாயி. முப்பது வருஷமாக அந்தச் சுற்றுவட்டாரத்து வயல்களில் நட்டவர். அன்று பூராவும் முனகிக்கொண்டே நட்டார்.

“என்னாம்மா பவானி, நாத்து நடறமா, இல்ல குண்டூசி குத்தறமா?”

சாயங்காலம் பார்த்தால் வயலில் தண்ணீர்தான் தெரிந்தது, நாற்றைத் தேட வேண்டியிருந்தது. செல்லாயிக்கு ராத்திரி தூக்கம் வரவில்லையாம். தான் நட்ட வயலைப் பார்த்து ஊர் சிரிக்கும். அதைவிட, பாவம் இந்தப் பெண் பேச்சு வாங்குவாளே. விடிந்ததும் விடியாததுமாக இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போய், மிச்சம் கிடந்த நாற்றையெல்லாம் கொத்துக் கொத்தாகச் சந்துகளில் செருகிவிட்டார். யாரும் கேட்கவில்லை, கூலியும் இல்லை. முழுக்க முழுக்கப் பாசம்!

பள்ளிக்குக் கிளம்பிய பவானி வரப்பில் நின்று பார்த்தார். மேற்குப் பாதி பச்சைப் பசேலென்று அடைந்து கிடந்தது. கிழக்குப் பாதிக்குள் செல்லாயி அப்போதுதான் கால் வைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா! என்னாக்கா பண்ற?”

“வழுக்கத் தலையாட்டம் கெடந்துச்சும்மா. மனசு கேக்கல. கொஞ்சம் முடி வச்சி வுட்டேன்.”

பவானிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. திட்டவும் வாய் வரவில்லை. இருக்கிற கிழக்குப் பாதியையாவது விட்டுவிடு என்று கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். மேற்கில் செருகியதைப் பிடுங்கலாம் என்றால் பள்ளியில் உலை வைக்கிற நேரம். அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. நாலைந்து நாள் கழித்து மழை விட்டுப் போய்ப் பார்க்கும்போது எல்லாம் வேர் பிடித்திருந்தது. ஆக ஒரே வயல், ஒரே தண்ணீர், ஒரே உரம். மேற்கே செல்லாயி நடவு, கிழக்கே பவானி நடவு.

கார்த்திகை மழையில் வாய்க்காலோரம் கிழக்கு மூலையில் ஒரு வாரம் தண்ணீர் தேங்கி நின்றது. அந்த மூலை தேறாது என்றார்கள். பவானி காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை போய் மண்வெட்டியால் வடித்துவிட்டார். மெல்ல ஒற்றை நாற்றுகள் தூர்கட்ட ஆரம்பித்தன. ஒன்று பத்தாகி, இருபதாகி, ஒரு குத்து ஒரு கைப்பிடிக்கு அடங்காமல் விரிந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி ஷிப்ட் முடித்து மணவாளன் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். சதுரம் கட்டப் பவானி கயிற்றோடு தயாராக நின்றார். எண்ணுக்கு எங்கே போவது? மணவாளன் சட்டைப் பையைத் துழாவி இரண்டு பஸ் டிக்கெட்டை எடுத்தார். நேற்று போன டிக்கெட், இன்று வந்த டிக்கெட்.

“இதுல கடைசி நாலு நம்பரு. ரெண்டு நீளத்துக்கு, ரெண்டு அகலத்துக்கு. கண்டக்டருக்கு நீ யாரு நான் யாருன்னு தெரியாதுல்ல?”

நிறுப்பதற்கு ஆளும் கிடைத்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து வண்டியில் மீன் கொண்டு வரும் குணசுந்தரி, தராசோடு அந்த வழியாக வந்தார். “மீனு நிறுத்தா முள்ளு ஜாஸ்தின்னு சண்டைக்கு வருவீங்க. நெல்லு நிறுத்தா என்னா சொல்லப் போறீங்களோ” என்று வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார்.

போன டிக்கெட்: முப்பத்தேழு, பதினான்கு. முதலில் மேற்குப் பாதியில் கட்டினார்கள். அறுத்து, படுதாவில் அடித்து, முறத்தில் தூற்றி நிறுத்தால் ஒன்பது கிலோ நானூறு. அதே எண்ணில் கிழக்குப் பாதி: பன்னிரண்டு கிலோ தொள்ளாயிரம்!

செல்லாயி பவானியின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மணவாளன் மட்டும் அசையவில்லை. “ஒண்ணு அதிர்ஷ்டமா இருக்கலாம். வந்த டிக்கெட்டும் போடு.”

வந்த டிக்கெட்: ஆறு, முப்பத்தொன்று. பவானி கிழக்குப் பாதியில் தப்படி போட்டுக்கொண்டே போனார். போகப் போக முகம் மாறியது. எண் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது வாய்க்காலோரத்து மூலையில். தண்ணீர் தேங்கிய அதே இடம்.

செல்லாயி குனிந்து முளைக்குச்சியைப் பிடித்தார். “நாலே நாலு தப்படி தள்ளிப் போட்டா என்னா? யாரு பாக்கறா? நான் மறைச்சிக்கிறேன், நீ நகத்து.”

மணவாளன் வரப்பில் பல் தேய்த்துக்கொண்டு திரும்பி நின்றிருந்தார். உண்மையில் யாரும் பார்க்கவில்லை. நாலு தப்படியில் ஒரு வயல் நெல்லாகவே இருக்கும்; நகர்த்தாவிட்டால் சவுக்காகிவிடலாம். பவானி ஒரு நிமிஷம் அந்தக் குச்சியையே பார்த்தார்.

“வேணாங்க்கா. பிள்ளைங்க தட்டுல நல்ல எடத்து நெல்லு மட்டுமா விழுது? இந்த மூலைதும் சேந்துதான் விழுது. இங்கியே கட்டு.”

கட்டினார்கள். அறுத்தார்கள். குணசுந்தரி தராசைத் தூக்கினார். முள் நின்றது. பதினொரு கிலோ முந்நூறு.

பவானி முறத்தைத் திருப்பித் திருப்பித் தட்டிக்கொண்டிருந்தார், அதில் ஒரு மணி கூட இல்லை. மணவாளன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். அவருக்கு முதுகு திரும்பியிருந்ததே தவிர காது திறந்துதான் இருந்தது.

“அந்த மூலையிலயே பதினொண்ணே காலா? நான் ஏழு வரும்னு நெனச்சேன்.” கைபேசியை எடுத்துத் தட்டினார். “பன்னெண்டு தொள்ளாயிரம், பதினொண்ணு முந்நூறு. கூட்டி ரெண்டால வகுத்தா பன்னெண்டு கிலோ நூறு.” பவானியைப் பார்த்தார். “நகத்தியிருந்தீன்னா இந்தத் தராச நம்பியிருக்க மாட்டேன்.”

அங்கேயே நின்று நர்சரிக்காரருக்குப் போன் போட்டார். “அண்ணே, சவுக்கங்கன்னு சொல்லி வச்சிருந்தேன்ல, வேணாம்ண்ணே. ஆமாண்ணே, நெல்லுதான். வீட்ல ஐம்பத்தெட்டுப் பிள்ளைங்க சாப்பிடணும்ண்ணே.”

அந்தப் பக்கத்து ஆள் என்ன நினைத்தாரோ! குணசுந்தரி சிரித்த சிரிப்பில் மீன் கூடையே ஆடியது. பவானி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“அடுத்த போகம் மேக்கயும் ஒத்த நாத்துதான நடணும்?” என்றார் செல்லாயி. “நட்டுத் தரேன். ஆனா இடுப்பு ஒடையுது, சொல்லிட்டேன். டீ ரெண்டு தடவ வேணும்.”

“மூணு தடவ தரேங்க்கா. விடியக்காலைல மட்டும் வந்துடாத.”

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தப் போகத்தோடு நெல்லை விட்டுவிடலாமா என்று யோசிக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவருக்கு அனுப்புங்கள். வருகிற புரட்டாசிக் கடைசியில் அங்கே மறுபடியும் நடவு. குறிஞ்சிப்பாடிப் பக்கம் போகிறவர்கள் நேரிலேயே போய்ப் பாருங்கள். அறுப்புக்கும் போங்கள். போகும்போது பஸ் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பவானி கேட்பார்.