அன்சாரி பாயின் பன்னிரண்டு அணிகள்

அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, 'ப்ளேஆஃப் பஞ்சாயத்து' என்ற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்சாரி பாயின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. சனிக்கிழமை காலையில் அவர்தான் முதலில் எழுதுவார், தன் பன்னிரண்டு ஃபுட்பால் அணிகளை வரிசைப்படுத்தி. அதனால் யாரும் உடனே திறந்து பார்க்கவில்லை. டெக்சாஸின் ரவுண்ட் ராக் ஊரில் இருக்கும் சுரேஷ் திறக்காமலே வழக்கம்போல் பதில் போட்டுவிட்டான்: "பாய், இதை என்னால ஒத்துக்கவே முடியாது."

அந்தச் செய்தியை எழுதியது பாயின் மகன் இம்ரான். வாப்பா இரவு தூக்கத்திலேயே போய்விட்டார், மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று இரண்டு வரி. அதற்குக் கீழே சுரேஷின் பதில். பாவம், அவன் அதை அழிக்கப் போய்ப் பதற்றத்தில் இன்னொரு முறை அனுப்பிவிட்டான். அன்று பாய் வீட்டில் அவர் மனைவி பாத்திமா அக்காவின் முன்னால் தலை குனிந்து நின்று மன்னிப்புக் கேட்டான். அக்கா அழுதுகொண்டே, "நீ ஒத்துக்காதடா தம்பி. எனக்கும் ஒத்துக்க முடியல" என்றார். பிறகு எங்களில் யாராலும் கண்ணைத் துடைக்காமல் இருக்க முடியவில்லை.

பாயைத் தெரிந்த உங்களில் பலருக்கு அவர் ஏன் இப்படிக் கல்லூரி ஃபுட்பாலைக் கட்டிக்கொண்டு அழுதார் என்பது புரிந்திருக்காது. அவர் அதிராம்பட்டினத்துக்காரர். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, அதாவது அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவர். இங்கே அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு மூன்று மாதம் முட்டிக்கொள்ளும். எல்லாரும் எல்லாரோடும் மோத முடியாது. ஆகவே கடைசியில் ஒரு கமிட்டி அறைக்குள் உட்கார்ந்து, இறுதிச் சுற்றுக்கு யார் தகுதியானவர்கள் என்று சொல்லும். முன்பு நான்கு அணிகள், இப்போது பன்னிரண்டு. மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள். பாய் கமிட்டியைப் பார்த்தார்.

"தம்பி, இது ஃபுட்பால் இல்ல. நம்ம ஊரு இன்ஜினியரிங் கவுன்சிலிங்" என்பார். அவருக்கு எல்லாமே அந்தக் கணக்கில்தான் ஓடியது. சின்ன மண்டலத்தில் ஒரு போட்டியும் தோற்காத அணி, கிராமத்துப் பள்ளியில் முதல் மார்க் வாங்கிய பையன். இரண்டு போட்டி தோற்றும் டிவிக்காரர்களின் செல்வாக்கால் உள்ளே வரும் பெரிய அணி, மேனேஜ்மென்ட் கோட்டா. நான் ஆதரித்தது அப்படிப்பட்ட ஒரு பெரிய அணியை. போதாக்குறைக்கு நான் கோயம்புத்தூரில் படித்ததும் மேனேஜ்மென்ட் கோட்டாவில்தான். இதைத் தெரியாத்தனமாக ஒருநாள் அவரிடம் உளறிவிட்டேன். அதற்குப் பிறகு எந்த வாதத்திலும் நான் வாயைத் திறந்தால், "தம்பி பேசட்டும்பா, இனம் இனத்தோட சேருது" என்று முடித்துவிடுவார்.

அணிகள் பன்னிரண்டாகி, மண்டல சாம்பியன்கள் ஐந்து பேருக்கு நேரடி இடம் என்று அறிவிப்பு வந்தபோது பாய் வீட்டில் பிரியாணி. ஏதோ இம்ரானுக்கு நிச்சயம் என்று நினைத்து நாங்கள் சட்டைத் துணியெல்லாம் வாங்கிக்கொண்டு போனோம். "ஒதுக்கீடு வந்திருச்சு தம்பி!" என்று வாசலிலேயே கட்டிப்பிடித்தார். அந்த ஒதுக்கீட்டில் உள்ளே வந்த ஒரு சின்ன அணி முதல் போட்டியிலேயே சின்னாபின்னமானது. விடுவோமா? குழுவில் ஆளாளுக்கு அவரைக் காய்ச்சினோம். அவர் மாலை மஃரிப் தொழுதுவிட்டு வந்து நிதானமாக எழுதினார்: "முதல் தலைமுறைப் பட்டதாரி முதல் செமஸ்டர்ல அரியர் வைக்கத்தான் செய்வான். அதுக்காக சீட்டைப் பிடுங்கிடுவீங்களா?" அதிராம்பட்டினத்தில் தன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் அவர். முதல் செமஸ்டரில் அவருக்கு எத்தனை அரியர் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நானும் அவரும் சுகர் லேண்டிலிருந்து ஹூஸ்டனுக்கு ஒரே காரில் வேலைக்குப் போனோம். காரில் இரண்டு பேர் இருந்தால்தான் ஃப்ரீவேயில் அந்தத் தனி லேனில் போக முடியும். இல்லையென்றால் நத்தை ஊர்வலம்தான். ஆகவே எவ்வளவு சண்டை போட்டாலும் எங்களால் பிரிய முடியாது. உண்மையாகவே ஒரு பெரிய சண்டை வந்தபோதுதான் இந்த ஏற்பாட்டின் கொடுமை தெரிந்தது.

என் மகள் யாழினி பள்ளிப் படிப்பை முடித்த வருடம். இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பள்ளியாக இருந்தாலும் வகுப்பில் முதல் சில சதவீதத்துக்குள் வரும் பிள்ளைக்கு மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்தில் நேரடி இடம். எங்கள் பக்கத்துப் பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கும் பிள்ளை நடு வரிசையில் நிற்கும். யாழினி நின்றது அங்கேதான். இடம் கிடைக்கவில்லை. அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள், சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காரில் பொரிந்து தள்ளினேன். "மனுசனை விட மாடு அதிகமா இருக்கற ஏதோ ஒரு ஊருங்க பாய். அங்க ஒருத்தன் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினானாம், அவனுக்கு சீட்டாமா. அவன் யாரைங்க ஜெயிச்சான்?"

பாய் சாலையைப் பார்த்தபடி சொன்னார்: "அவன் முன்னால யாரை நிறுத்தினாங்களோ அவங்களை எல்லாம் ஜெயிச்சான். வேற யாரை ஜெயிக்கச் சொல்ற?"

"ஃபுட்பால்ல பேசற மாதிரியே பேசறீங்களே! எம் பொண்ணுங்க பாய்!"

"பொண்ணுக்கு ஒரு நியாயம், பந்துக்கு ஒரு நியாயமா தம்பி?"

அதோடு நான் பேச்சை நிறுத்தினேன். ஆனால் லேன் இருக்கிறதே! தினமும் ஒரே காரில் ஏறி, இரண்டு ஊமைகள் போல் போய்வந்தோம். அவருக்குப் பேசாமல் இருக்க வராது. வழி சொல்லும் பெண் குரல் "இடப்பக்கம் திரும்பவும்" என்று ஆங்கிலத்தில் சொன்னால், "சொல்லும்மா, நீயாவது சொல்லு. சில பேருக்கு நல்லது சொன்னா ஆகாது" என்று அதனிடம் முறையிடுவார். எனக்குச் சிரிப்பு வரும், பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பாத்திமா அக்கா சுட்ட, அவர்கள் ஊர்ப் பலகாரமான இறால் வாடாவைத் தூக்கிக்கொண்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "யாழினி எங்கம்மா?" என்று என் மனைவியிடம் கேட்டு, மகளைப் பின்பக்கத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறார். அவள் முதலில் தரையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பிறகு உள்ளே வந்து வாடா முழுவதையும் தின்று தீர்த்தாள். அதற்குப் பிறகுதான் மேற்கு டெக்சாஸில் உள்ள ஒரு சின்னக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள்.

திங்கட்கிழமை காரில் நானே வாயைத் திறந்தேன். "என்னங்க பாய் சொன்னீங்க அவகிட்ட?"

"உன் பக்கம்தான் பேசினேன். போதுமா?"

எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? யாருக்கும் விட்டுக்கொடுக்காத அன்சாரி பாய் என் மகளுக்காகத் தன் கட்சியை விட்டுக்கொடுத்துவிட்டார். யாரோடு மோதினோம் என்பதையும் பார்க்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அவரோடு பேசிய இத்தனை வருடத்தில் நான் ஜெயித்த ஒரே வழக்கு அது. குழுவில் எப்போது மாட்டிக்கொண்டாலும், "ஒரு தடவை பாயே என் பக்கம் வந்திருக்கார், கேட்டுப் பாருங்க" என்று போடுவேன். அவர் மறுத்ததே இல்லை, ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

அடக்கத்தன்று யாழினி அத்தனை தூரம் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். எல்லாம் முடிந்து, பாய் வீட்டு வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். நான் சொன்னேன், உனக்காகத் தன் கொள்கையையே மாற்றிக்கொண்ட மனுஷன் அம்மா அவர் என்று. அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அப்பா, அவர் மாத்திக்கவே இல்ல" என்றாள். வழக்கம்போல் ஆங்கிலத்தில்தான் தொடங்கினாள். ஆனால் பாய் சொன்னதை மட்டும் அவர் சொன்ன தமிழிலேயே, அவர் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னாள்.

"'உங்க அப்பா சொல்றது தப்பும்மா. அந்தப் பையனுக்குக் கிடைச்சது சரியான சீட்டு. ஆனா நீ அவரைத் திருத்தப் போகாத. நியாயம் பாக்குறது கமிட்டி வேலை. உங்க அப்பா கமிட்டி இல்ல, உன் ஃபேன். நீ எத்தனை மேட்ச் தோத்தாலும் உன்னை நம்பர் ஒன்னுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிற கிறுக்கன். அப்படி ஒரு கிறுக்கன் கிடைக்கிறது, எந்த சீட்டு கிடைக்கிறதை விடவும் கஷ்டம்.'"

ஆக நான் ஜெயித்த அந்த ஒரே வழக்கும் தள்ளுபடி. என் வீட்டுத் தோட்டத்தில், என் மகளிடம், என் கண்ணெதிரிலேயே என்னைத் தோற்கடித்துவிட்டு, இத்தனை நாள் நான் ஜெயித்ததாகவே என்னைத் திரியவிட்டிருக்கிறார். வாசலில் நின்று வாய்விட்டு அழுதேன். உள்ளேயிருந்து வந்த பெரியவர் ஒருவர், நெருங்கிய சொந்தமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

போன வாரம் யாழினி போன் செய்தாள். கம்ப்யூட்டர் படிப்பை விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் படிப்புக்கு மாறப் போகிறாளாம். வேலை கிடைக்குமா, இதற்கா இவ்வளவு கஷ்டப்பட்டோம், ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று தொண்டை வரை அத்தனையும் வந்தன. அந்தப் பக்கம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது எனக்குக் கேட்டது.

அன்சாரி பாயிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு பதவி. அதை அன்றுதான் ஏற்றுக்கொண்டேன். "நம்பர் ஒன்" என்றேன்.